பாடக்குறிப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்ட வேண்டும்: வீட்டிலிருந்து கற்கும் காலத்தில் அதை எப்படித் தயாரிப்பது?

வவுனிக்குளத்து ஆசிரியை
2021 ஜூன் 8

அனைவருக்கும் வணக்கம். நான் இலங்கையின் வடக்கே, வன்னியிலுள்ள துணுக்காய் கல்வி வலயத்தில் தரம் 11 மாணவர்களுக்குப் புவியியல் கற்பிக்கிறேன். கொரோனாத் தொற்றால் ஏப்ரல் இறுதியில் பாடசாலைகள் மூடப்பட்டதிலிருந்து வட்ஸ்அப் குழுவொன்றின் ஊடாகவே பாடம் நடக்கிறது. கொப்பியில் கையால் குறிப்பு எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஒவ்வொரு நாளும் மாலையில் குழுவில் போடுகிறேன். மறுநாள் பிள்ளைகள் எழுதி அனுப்பும் விடைகளின் படங்களைப் பார்த்துத் திருத்துகிறேன். இப்படியே ஐந்து வாரங்களுக்கு மேல் கழிந்துவிட்டன. வேலை ஒழுங்காகத்தான் நடக்கிறது என்று எண்ணியிருந்தேன்.

கடந்த வெள்ளிக்கிழமை மாணவி ஒருவர் எனக்குத் தனியாக ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். “ரீச்சர், நீங்கள் போடுற நோட்ஸை என்ர போன் வாசிக்குதில்லை. ‘போட்டோ’ எண்டு மட்டும் சொல்லிப்போட்டு நிக்குது. தங்கச்சிக்கு நேரம் கிடைக்கேக்க அவள் வாசிச்சுச் சொல்லுவாள். குறை நினைக்காதேங்கோ.” அந்தப் பிள்ளை பிறவியிலேயே பார்வை மிகக் குறைந்தவர். வகுப்பில் முதல் வாங்கில் இருப்பார். நான் கரும்பலகையில் எழுதும்போது வாய்விட்டு வாசித்துக்கொண்டே எழுதுவேன். அவர் கேட்டு எழுதிக்கொள்வார். விடுபட்டதைப் பக்கத்திலிருக்கும் தோழி சொல்லிக்கொடுப்பார். இவற்றில் எதையும் நான் திட்டமிட்டுச் செய்ததில்லை, வகுப்பறையே பார்த்துக்கொண்டது. வகுப்பறை இல்லாமற்போன அன்றே அந்தப் பிள்ளைக்கு இவை யாவும் இல்லாமற்போயின என்பதை ஐந்து வாரங்களாக நான் உணரவில்லை.

அதன் பின்னர் வகுப்பிலுள்ள 23 பேரின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்துக் கதைத்தேன். 6 பேரின் வீடுகளில் பட்டன் தொலைபேசி மட்டுமே இருக்கிறது. அவர்களுக்குத் தோழர்கள் எப்போதாவது விடயத்தைச் சொல்கிறார்கள். 9 பேரின் வீடுகளில் ஒரேயொரு ஸ்மார்ட் தொலைபேசி. சிறுபோகக் காலமாகையால் அது தகப்பனோடு விடியவே வயலுக்குப் போய்விடுகிறது, இரவில் தண்ணீர் மறிக்கப் போகும்போதும் கூடவே போகிறது. மூன்று பிள்ளைகள் சிக்னலுக்காகக் குளக்கட்டுக்கு ஏறி வருகிறார்கள். இன்னொரு மாணவர் 2009 இல் நான்கு வயதுக் குழந்தையாக இருந்தபோது அருகில் வெடித்த எறிகணையால் ஒரு காது முற்றாகவும் மற்றக் காது பெருமளவும் கேட்காதவர். டேட்டா குறைவான பிள்ளைகளுக்காக நான் இடையிடையே அனுப்பிய குரல்பதிவு விளக்கங்களில் ஒன்றுகூட அவருக்குப் பயன்படவில்லை என்பதும் இப்போதுதான் தெரிந்தது.

ஒருவருக்கு உதவ நான் செய்தது இன்னொருவரை வெளியே தள்ளியிருக்கிறது என்பது என்னை மிகவும் வருத்துகிறது. பாடம் கற்பிப்பவள் நான் ஒருத்தி. ஒரே குறிப்பை ஐந்து விதமாக ஐந்து முறை தயாரிக்க நேரமில்லை. ஒருமுறை தயாரிப்பதே முடிந்தவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும்படி செய்ய ஏதேனும் ஒழுங்கு உண்டா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.

தொடுவரி
2021 ஜூன் 8

வணக்கம் ரீச்சர். நான் 2009 இல், என் பதினேழாவது வயதில், இரு கண்களின் பார்வையையும் இழந்தவன். சுன்னாகம் வாழ்வகத்தில் தங்கிப் படித்து, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இன்று கிளிநொச்சி மாவட்டத்தில் வரலாறு கற்பிக்கிறேன். உங்கள் மாணவியின் குரல்பதிவைப் பற்றி வாசித்தபோது, அந்தப் பிள்ளை கடைசியில் சொன்ன “குறை நினைக்காதேங்கோ” என்ற சொல்லில் நெடுநேரம் நின்றுவிட்டேன். நானும் என் விரிவுரையாளர்களிடம் எத்தனையோ தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளை இனிமேல் அதைச் சொல்லவேண்டி வராதபடி நாம் செய்யலாம்.

உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான்: முதலில் எழுத்தாக ஆக்குங்கள். எழுத்து என்று நான் சொல்வது எழுத்தின் படத்தை அல்ல, தட்டச்சிட்ட எழுத்தை. தட்டச்சிட்ட குறிப்பு கைவசம் இருந்தால் அதையே பெரிதாக்கலாம், தொலைபேசியைக் கொண்டு வாசிப்பிக்கலாம், நீங்களே வாய்விட்டு வாசித்துக் குரல்பதிவாக்கலாம், அச்சிட்டு வீட்டுக்கு அனுப்பலாம், பிரெய்லாகவும் மாற்றலாம். படத்திலிருந்து இவற்றில் எதற்கும் நேரான வழி இல்லை. டேட்டாக் கணக்கும் எழுத்தின் பக்கமே நிற்கிறது: ஒரு பக்கக் குறிப்பை வட்ஸ்அப்பில் செய்தியாகவே அனுப்பினால் அது பத்துக் கிலோபைட்டுக்குள் அடங்கும், அதே பக்கத்தின் ஒளிப்படம் நூறு கிலோபைட்டைத் தாண்டிவிடும். குளக்கட்டில் நிற்கும் அந்த மூன்று பிள்ளைகளுக்கும் இது பெரிய வேறுபாடு.

எழுத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. நம் பாடசாலைகளில் வினாத்தாள் முதல் சுற்றறிக்கை வரை இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிடும் பழக்கம் போகவில்லை. பாமினியில் உங்கள் கண்ணுக்குத் தமிழ் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். ‘தமிழ்’ என்று பாமினியில் அடித்தால், உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும் என் திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். ஒருமுறை எனக்கு வந்த பயிற்சிக் கையேடு ஒன்றை இரண்டு பக்கங்கள் வரை அப்படிப் பொருளற்ற ஒலிகளாகக் கேட்டுவிட்டு, என் கணினிதான் பழுதாகிவிட்டது என்று எண்ணி அதைத் திருத்தக் கொண்டு போனேன். எழுத்துரு இல்லாத தொலைபேசியில் திறந்தால் பார்வையுள்ளவருக்கும் அதே குழப்பம்தான் தெரியும். ஆகவே எப்போதும், எந்தக் கருவியும் தமிழென்றே அறிந்துகொள்ளும் யூனிகோட்டில் தட்டச்சிடுங்கள். பழைய குறிப்புகள் பாமினியில் இருந்தால் அவற்றை மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழாக்கிக் குழப்பிவிடும் என்பதால், மாற்றிய பின் ஒருதடவை முழுமையாக வாசித்துச் சரிபாருங்கள்.

பிடிஎப் ஆக மாற்றி அனுப்பினால் அழகாக இருக்கும் என்று பலரும் செய்கிறார்கள். யூனிகோட் தமிழில் உருவான பிடிஎப் கோப்பிலும் பல சமயம் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னும் பின்னுமாக இடம் மாறிப் பதிவாகிவிடுவதால், வாசிப்பு தடுமாறுகிறது. குறுகிய குறிப்பை வட்ஸ்அப் செய்தியாகவே அனுப்புங்கள்; நீளமானதை வேர்ட் கோப்பாக அனுப்புங்கள். வேர்ட்டில் தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்கிவிடாமல், அதற்கென இருக்கும் தலைப்புப் பாணியைத் தெரிவுசெய்யுங்கள். நீங்கள் பக்கத்தைப் புரட்டித் தலைப்பைக் கண்ணால் தேடுவதுபோல நாங்கள் ஒரு விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவுவோம்; பாணி இடாத கோப்பில் அது முடியாது, முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே போகவேண்டும்.

உங்கள் மாணவியிடம் கணினி இருந்தால், என்விடிஏ என்ற திரைவாசிப்பானை இலவசமாகவே நிறுவலாம். 2006 இல் அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கிய மென்பொருள் அது, தமிழையும் வாசிக்கும். அண்ட்ராய்ட் தொலைபேசியில் டோக்பேக் என்ற திரைவாசிப்பான் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அந்தப் பிள்ளை அதைத்தான் பயன்படுத்துகிறார் என்று நினைக்கிறேன். ஒன்று கேட்கிறேன், செய்து பாருங்கள்: உங்கள் தொலைபேசியில் டோக்பேக்கை இயக்கி, கண்களை மூடிக்கொண்டு, நீங்கள் அனுப்பிய பாடத்தை நீங்களே ஒருமுறை கேளுங்கள். அதை நிறுத்தும் முறையை மட்டும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தட்டும் முறை அதில் வேறு.

முத்தையன்கட்டு இடதுகரை
2021 ஜூன் 9

வணக்கம். மேலே எழுதிய சேர் சொன்னவை பெறுமதியானவை. பாமினியைப் பற்றி எனக்கு இதுவரை தெரியாது, எங்கள் பாடசாலையின் எல்லா வினாத்தாள்களும் அந்த எழுத்துருவில்தான் இருக்கின்றன. ஆயினும் ஒரு விடயத்தில் நான் வேறுபடுகிறேன். ரீச்சரின் வகுப்பில் 6 பேருக்கு ஸ்மார்ட் தொலைபேசியே இல்லை. எழுத்து யூனிகோட்டில் இருந்தாலென்ன, பாமினியில் இருந்தாலென்ன, அந்த 6 பேருக்கும் அது ஒன்றுதான். வன்னியில் தொலைவழிக் கற்பித்தல் என்று பேசத் தொடங்கும்போதே தொலைபேசி கையிலுள்ள பிள்ளையை நடுவில் வைத்து, மற்றவர்களைப் பின்னால் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் எங்களிடம் வந்துவிட்டது. நான் தாளிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

கடந்த ஆண்டு மார்ச்சில் முதன்முதலாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாங்கள் தட்டுத் தடுமாறிக் கண்டுகொண்ட முறையைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் காலையில் பால் சேகரிக்க மோட்டார் சைக்கிளில் ஒருவர் வருவார். பயணக்கட்டுப்பாட்டிலும் அந்த ஓட்டம் நிற்கவில்லை. அவருடைய வழியில் எந்தெந்தப் பிள்ளைகளின் வீடுகள் இருக்கின்றன என்று அவருடனேயே இருந்து குறித்தோம். வாரத்துக்கு ஒருதடவை, திங்கட்கிழமை, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் உறை. போன வாரத்து விடைத்தாள்கள் அதே உறையில் திரும்பி வரும். பால்கானோடு வந்த உறைகள் சில நனைந்துவிட்டதால், பின்னர் பழைய பொலித்தீன் பையொன்றில் போட்டுக் கொடுத்தோம். பால் ஓட்டம் இல்லாத பக்கத்துக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வைத்தோம். நிவாரணப் பொருள் வாங்க வரும் பெற்றோர் எடுத்துப் போனார்கள். உங்கள் பக்கத்தில் யார் ஒவ்வொரு நாளும் ஊருக்குள் போய் வருகிறார் என்று பாருங்கள். கட்டாயம் ஒருவர் இருப்பார்.

உறைக்குள் என்ன வைப்பது என்பதில்தான் நாங்கள் பிழை விட்டோம். முதல் வாரம் எட்டுப் பக்கக் குறிப்பு வைத்தோம். பெரும்பாலான பிள்ளைகள் அதைத் தொடவேயில்லை. தரம் 1 இலிருந்து 11 வரை அரசாங்கத்தின் இலவசப் பாடநூல் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறதே, அதிலுள்ளதை ஏன் திரும்பவும் எழுதிக் கொடுக்கிறோம் என்று பிறகுதான் யோசித்தோம். அதன்பின் ஒரே தாள்: பாடநூலின் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை வாசிக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தி யோசிக்க வேண்டும், விளங்காமற்போகக்கூடிய இரண்டு மூன்று சொற்களுக்கு விளக்கம், அதன் கீழே ஐந்து வினாக்கள், விடை எழுத இடம். எங்களிடம் இருந்த றோணியோ இயந்திரத்தில் எழுத்து மங்கலாகத்தான் விழும் என்பதால், பார்வை குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் கணினியில் 18 புள்ளி அளவில் பெரிதாக அடித்துத் தனியாக அச்சிட்டோம்.

பட்டன் தொலைபேசியை இல்லாததாகக் கணக்கிடாதீர்கள். புதன்கிழமை மாலைகளில், தகப்பன்மார் வயலால் வந்த பின்னர், நான் இந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராக எடுத்து ஐந்து ஐந்து நிமிடம் கதைப்பேன். பாடத்தை விளக்குவதற்கல்ல, தாளில் எந்த வினாவில் நின்றுவிட்டாய் என்று கேட்பதற்கு. 6 பேருக்கு அரை மணிநேரம். ஒரு மணிநேரச் சூம் வகுப்பு ஒரு பிள்ளையின் டேட்டாவில் ஒரு ஜிகாபைட் அளவுக்கு விழுங்கிவிடும். அந்த வகுப்பில் ஒரு பிள்ளையோடு ஐந்து நிமிடம் கதைக்கவும் கிடைக்காது.

தட்டச்சுக்கும் ஒரு சொல். எங்களில் பலருக்குத் தமிழ் தட்டச்சு வராது, அதனால்தான் கையால் எழுதிப் படம் எடுக்கிறோம். தொலைபேசியில் ஜிபோர்ட் விசைப்பலகையில் தமிழைத் தெரிவுசெய்து, ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பேசினால் அதுவே எழுதித் தரும். பாடச் சொற்கள் சில பிழையாக விழும், திருத்திக்கொள்ளலாம். கையால் எழுதுவதிலும் குறைந்த நேரமே எடுக்கிறது. இந்த வகையில் சேர் சொன்ன எழுத்தும் நான் சொல்லும் தாளும் ஒரே வேலையாக முடியும்.

புதுக்குடியிருப்புத் தாய்
2021 ஜூன் 9

வணக்கம். நான் ஆசிரியை அல்ல. காது கேளாத மகன் ஒருவனின் தாய். இந்த உரையாடலில் அந்த மாணவரைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

என் மகனும் சிறு வயதில் கேட்டுப் பேசிப் பழகி, பின்னர் செவிப்புலனை இழந்தவன். உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வான். பாடசாலை மூடப்பட்டபோது சூம் வகுப்பு தொடங்கியது. ஆசிரியரின் முகம் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. சிக்னல் குறையும்போது வாய் திறந்தபடி நின்றுவிடும், ஒலி மட்டும் போய்க்கொண்டிருக்கும். வேறொரு ஆசிரியர் யாருமில்லாத அறையில் இருந்தும் முகக்கவசத்தோடு கற்பித்தார். என் மகன் ஒரு மணிநேரம் முழுவதும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்பு முடிந்ததும் என்ன படித்தாய் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் கொப்பியைக் காட்டினான். திகதியும் பாடத்தின் பெயரும் மட்டும் எழுதப்பட்டிருந்தன.

ஆகவே ரீச்சர், முதலாவதாகக் குரல்பதிவு அனுப்பும் ஒவ்வொரு முறையும் அதில் நீங்கள் பேசியது அப்படியே எழுத்திலும் இருக்க வேண்டும். முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பேசினால் மேலதிக வேலை இல்லை. யூரியூப் காணொளி அனுப்பினால் தானாகவே சரியான வசனவரி வரும் என்று நம்பியிருக்காதீர்கள். நேரடிக் காணொளி செய்வதானால் முகத்தில் வெளிச்சம் விழும்படி யன்னலைப் பார்த்து இருங்கள், யன்னலுக்கு முதுகைக் காட்டி இருந்தால் முகம் இருண்டுவிடும். பலகையில் எழுதும்போது பேசாதீர்கள், எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள். பிள்ளை இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது.

பிறவியிலிருந்தே கேளாத, சைகை மொழியையே தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் உங்கள் பாடசாலையில் இருந்தால் எழுத்து மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். அவர்களுக்கு எழுத்துத் தமிழே இரண்டாம் மொழிபோன்றது. நீளமான வாக்கியங்களைப் பிரித்துச் சிறியதாக்கி, புதிய சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிறு படமும் வரைந்தால் அவர்களுக்கு வழி திறக்கும்.

வலுவிழப்புள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் ஒருவரைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது. என் மகனை யாரும் மறுக்கவில்லை. சேர்த்துக்கொண்டார்கள், பெயர் இடாப்பில் இருக்கிறது. பெயர் உள்ளே இருக்க, பாடம் மட்டும் வெளியே நிற்கும் நிலையை நான் என்னவென்று சொல்வேன்? நீங்கள் 23 வீடுகளுக்கும் எடுத்துக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக்கு அப்படி ஒருவரும் எடுத்ததில்லை. உங்களுக்கு என் நன்றி.

வவுனிக்குளத்து ஆசிரியை
2021 ஜூன் 11

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அம்மா, உங்கள் மகனின் கொப்பியைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு என் மாணவரின் வீட்டுக்கு மீண்டும் எடுத்தேன். இனி அவருக்குக் குரல்பதிவின் எழுத்து முதலில் போகும், பிறகே குழுவுக்குக் குரல் போகும்.

டோக்பேக்கை இயக்கி என் பழைய பாடங்களைக் கேட்டுப் பார்த்தேன். ஐந்து வாரப் பாடமும் “போட்டோ, போட்டோ” என்று ஓடியது. அதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

இந்த வாரப் பாடத்தை ஜிபோர்டில் பேசி எழுத்தாக்கினேன். அதையே வட்ஸ்அப் செய்தியாகவும், குரல்பதிவாகவும், உறையில் தாளாகவும் அனுப்பிவிட்டேன். எங்கள் பக்கத்திலும் பால் எடுப்பவர் ஒருவர் உதவ முன்வந்திருக்கிறார். இப்போது நான் முட்டுப்பட்டு நிற்பது படங்களில். புவியியல் பாடத்தில் மழைவீழ்ச்சி வரைபுகள் இருக்கின்றன, தேசப்படம் இருக்கிறது, நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் 1:50,000 இடவிளக்கப் படத்திலிருந்து கட்டாயம் வினா வரும். இவற்றை எழுத்தாக்குவது எப்படி? “இலங்கைப் படம்” என்று எழுதிவிட்டால் அது “போட்டோ” என்று சொல்வதிலிருந்து எந்த வகையில் வேறுபடும்?

தொடுவரி
2021 ஜூன் 12

நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள் ரீச்சர். பெரும்பாலானோர் படத்துக்குப் பெயர் வைப்பதோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் படத்தை எதற்காகப் பாடத்தில் வைத்தீர்களோ, அதைச் சொல்லுங்கள். நம் பக்கத்து மாதாந்த மழைவீழ்ச்சி வரைபை எடுத்துக்கொள்ளுங்கள். “நிரல் வரைபு” என்று எழுதினால் எனக்கு ஒன்றும் கிடையாது. “ஆண்டில் மழை இருமுறை உயர்கிறது. ஏப்ரலில் ஒரு சிறு மேடு, பின்னர் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மிகத் தாழ்ந்த பள்ளம், ஒக்டோபரில் ஏறத் தொடங்கி நவம்பரை அண்டி உச்சத்தைத் தொட்டு, ஜனவரியில் இறங்குகிறது” என்று எழுதினால் வரைபு என் தலைக்குள் வந்துவிடும். அதன் கீழே 12 மாதங்களின் அளவுகளையும் மாதத்துக்கு ஒரு வரியாகக் கொடுத்துவிடுங்கள். பார்வையுள்ள பிள்ளைகளும் அந்த விவரணத்தை வாசித்தால், வரைபில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்வார்கள்.

ஆற்றையும் அப்படியே சொல்லலாம்: “கனகராயன் ஆறு தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடி இரணைமடுக் குளத்தை நிறைக்கிறது, அங்கிருந்து மேலும் வடக்கே போய்ச் சுண்டிக்குளம் கடனீரேரியில் சேர்கிறது.” திசை, தொடக்கம், முடிவு, இடையில் என்ன என்ற ஒழுங்கில் சொன்னால் கேட்பவரின் மனத்தில் கோடு விழும்.

இடவிளக்கப் படத்துக்குச் சொல் போதாது, விரல் வேண்டும். வாழ்வகத்தில் இருந்த காலத்தில் நண்பன் ஒருவன் எனக்கு வன்னியைச் செய்து தந்தான். பிஸ்கட் பெட்டி மட்டையொன்றில் கரையோரத்தைத் தும்புக் கயிற்றால் ஒட்டினான். ஆறுகளுக்கு மெல்லிய நூல், ஏ9 வீதிக்கு இரண்டு நூல்களை முறுக்கிய தடித்த நூல், புகையிரதப் பாதைக்கு முடிச்சு முடிச்சாகப் போட்ட நூல். குளங்களுக்குச் சட்டைத் துணியில் வெட்டிய துண்டுகள். ஊர்களுக்குப் பயற்றம் விதைகள்: மாங்குளத்துக்கு ஒன்று, கிளிநொச்சிக்கு இரண்டு, முல்லைத்தீவுக்கு மூன்று. என் ஊர் எங்கே என்று கேட்டேன். அவன் என் விரலைப் பிடித்து முறுக்கு நூலில் வைத்து, “இதாலயே வா” என்றான். பார்வை போன பிறகு நான் ஊருக்குப் போனது அன்றுதான்.

செய்யும்போது இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, நெருக்காதீர்கள், இரண்டு நூல்களுக்கு இடையில் ஒரு விரல் நுனியாவது நுழைய இடம் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே கோடாகத்தான் தெரியும். எல்லாவற்றையும் ஒரே மட்டையில் வைக்காமல், ஆறுகளும் குளங்களும் ஒரு மட்டையில், வீதிகளும் ஊர்களும் இன்னொரு மட்டையில் என்று பிரியுங்கள். மற்றது, ஒரே உயரமான இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளுக்கு நூல் ஒட்டாதீர்கள். ஒவ்வொரு கோட்டின் வடிவத்திலும் மட்டையை வெட்டி, பெரியதன் மேல் சிறியதாக அடுக்கி ஒட்டுங்கள். படி நெருக்கமாக இருக்கும் பக்கத்தில் விரல் சட்டென்று மேலே ஏறும், அகலமாக இருக்கும் பக்கத்தில் மெதுவாக ஏறும். செங்குத்துச் சரிவையும் மென்சரிவையும் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் விளக்கவே தேவையிருக்காது.

இன்னொன்று: சாதாரண தரப் பரீட்சையில் பார்வைக் குறைபாடுள்ளவர்களுக்கு மேலதிக நேரம் கிடைக்கும், அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அதிபரோடு இப்போதே கதையுங்கள், பாடசாலை திறக்கும்வரை வைத்திருக்காதீர்கள்.

முத்தையன்கட்டு இடதுகரை
2021 ஜூன் 12

மட்டையை உறையோடு பால் ஓட்டத்தில் அனுப்புவதானால், இரண்டு மட்டைகளுக்கும் இடையில் இன்னொரு வெறும் மட்டையை வைத்து, நாலு பக்கமும் ஓரத்தில் தடித்த சட்டம் ஒட்டிக் கட்டுங்கள். நூல்கள் நசுங்காமல் போய்ச் சேரும். பசை காய ஒரு பகல் முழுவதும் விடவும். சோற்றுப் பசை வேண்டாம், கரப்பான் தின்றுவிடும்.

வவுனிக்குளத்து ஆசிரியை
2021 ஜூன் 19

நடந்ததை எழுதவேண்டும் என்று வந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நானும் என் மகளும் இருந்து ஒரு மட்டை செய்தோம். ஆறுகளும் குளங்களும் மட்டும். மேற்குக் கரைக்குத் தும்புக் கயிறு, வவுனிக்குளத்துக்கும் இரணைமடுவுக்கும் துணி, கனகராயன் ஆற்றுக்கும் பாலியாற்றுக்கும் நூல். புதன்கிழமை பால் ஓட்டத்தில் அனுப்பினேன். அன்று மாலையே அந்த மாணவியிடமிருந்து குரல்பதிவு வந்தது. இந்தத் தடவை குழுவிலேயே போட்டிருந்தார், எல்லோரும் கேட்கும்படி.

“ரீச்சர், வவுனிக்குளத்தில இருந்து பாலியாறு மேற்கால போகுது, விளங்குது. ஆனா கடலுக்குப் போய்ச் சேரேல்ல. இடையில நிக்குது. கயித்துக்கும் நூலுக்கும் நடுவில ஒரு விரல் இடம் கிடக்கு. உண்மையா அப்பிடித்தானோ?”

உண்மையில் அப்படி இல்லை. நூல் போதாமல் நான் ஓர் அங்குலம் முன்னதாகவே வெட்டி ஒட்டிவிட்டேன். பார்த்த எங்கள் இருவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. திங்கட்கிழமை உறையில் ஒரு துண்டு நூலும் பசையும் வைத்து அனுப்புகிறேன். எந்த இடத்தில் ஒட்டவேண்டும் என்று தன் தங்கைக்குத் தானே காட்டுவதாக அவர் சொல்லியிருக்கிறார்.